வெளுத்த சாம்பாரும் சிவந்த சோப்பும்

அத்தியாயம் 3

கிங்ஸ்லிக்கு மூன்று விஷயங்களில் ஞானம் உண்டு என்று அவனே சொல்லிக்கொள்வான். படகு இன்ஜின், பெண்களின் கோபம், சாம்பார். முதல் இரண்டிலும் அவன் மண்ணைக் கவ்வியவன் என்பது மணப்பாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் பழுது பார்த்த இன்ஜின் நடுக்கடலில் நின்று போனது. படகில் இருந்தவர் அவன் மாமனார். மனைவி பெனிஷா பதினேழு நாள் அவனோடு பேசவில்லை. சாம்பாரில் மட்டும் அவன் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை. அந்த ஞானம் ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றப் போகிறது என்று அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனுக்குத் தெரியாது.

அப்போது அவன் வண்ணார்பேட்டை ஆபீசில் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துப்பறியும் நிலையத்தில் உதவியாளர் வேலை என்று சொல்லித்தான் அவனைச் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, டிரைவர், போட்டோகிராபர், டீ வாங்குகிறவர், விசிறி துடைக்கிறவர் எல்லாம் ஒரே ஆள் என்று.

முதலாளி ஷரீபா பீவி மேலப்பாளையத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இருபத்திரண்டு வருஷம் நஷ்டக் கணக்கு பார்த்தவர். எரிந்த குடோனுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு, அது தானாகப் பற்றியதா, யாராவது பற்ற வைத்ததா என்று வாசலுக்கு வருவதற்குள் சொல்லிவிடுவார். கம்பெனிகளுக்காகப் பார்த்தது போதும், இனி மனுஷருக்காகப் பார்ப்போம் என்று சொந்தமாக இந்த நிலையத்தைத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. கிங்ஸ்லி அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவான், அவர் ஊர் வழக்கில் அக்கா. சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் மேடம்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்த ஆள் பெயர் வளன். நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கை இரண்டும் பித்தளை நிறத்தில் காய்த்துப் போயிருந்தன. தண்ணீர் கொடுத்தால் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்ன கதை இது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆனைமுத்து காகித ஆலை. அவர்களுக்குச் சொந்தமாக மின்சாரம் எடுக்க ஒரு டர்பைன் உண்டு. டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்க ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கிறது. அதற்கு கண்டென்சர் என்று பேர். உருளைக்குள் ஆயிரத்துச் சொச்சம் பித்தளைக் குழாய்கள் நீளவாக்கில் படுத்திருக்கும். குழாய்க்குள்ளே ஓடுவது ஆற்றுத் தண்ணீர், வெளியே நீராவி. ஏதாவது ஒரு குழாயில் ஊசி நுழையும் ஓட்டை விழுந்தாலும் போதும், ஆற்றுத் தண்ணீர் சுத்தத் தண்ணீரோடு கலந்து பாய்லருக்குப் போய் அதன் வயிற்றைக் கெடுத்துவிடும். ஓட்டை விழுந்த குழாயைத் தேடிப்பிடித்து, அதன் இரண்டு வாயிலும் பித்தளை பிளக்கை அடித்து மூடுவதுதான் வளனின் தொழில்.

பொங்கல் முடிந்ததும் அப்படி இருபத்தாறு குழாய்களை மூடிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆறு வாரம், ஆறு திங்கட்கிழமை. ஒவ்வொரு திங்களும் கசிவு வருகிறது. செவ்வாய்க்கிழமை அதுவே நின்றுவிடுகிறது. வளன் போய்ச் சோதித்தால் ஓட்டையைக் காணவில்லை. இன்று காலை பாய்லரையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

"வாராவாரம் வரணும்னு நானே உள்ள ஆள் வச்சு ஓட்டை போடுதேன்னு மேனேசர் சொல்லுதாரு," என்றார் வளன். "நான் ஓட்டையை அடைக்கவன் லாத்தா. போடுதவன் இல்ல."

இன்று மாலை நாலு மணிக்கு ஆலையின் இயக்குநர் ஜெர்லின் அம்மா வருகிறார். குற்றம் வளன் மேல்தான் என்று முடிவானால், பாபநாசத்திலிருந்து தூத்துக்குடி வரை எந்த ஆலையும் அவரை வாசலுக்குள் விடாதபடி கடிதம் போகும். வளனை நம்பிப் பதினொரு வீட்டில் உலை ஏறுகிறது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஷரீபா பீவி கைப்பையை எடுத்தார். கிங்ஸ்லி நாற்காலியிலிருந்து இறங்கினான். ஒரு நாற்காலி அவனோடு சேர்ந்து இறங்கியது.

பழைய மாருதியில் மூன்று பேரும் கிளம்பினார்கள். பத்தமடை தாண்டும்போது கடை வாசலில் தொங்கிய பாய்களைப் பார்த்து, மதியம் ஒரு மணி நேரம் அதில் படுக்கிறதும் விசாரணையில் சேருமா என்று கிங்ஸ்லி கேட்டான். ஷரீபா பீவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். ஆலைக்குத் திரும்பும் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். கீழே தண்ணீர் கரைமுட்ட, பச்சையாய், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாசி வெயிலுக்கு அதைப் பார்த்ததும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"லாத்தா, தாமிரபரணியப் பாருங்க. என்னா போக்கு."

சொல்லிக்கொண்டே தன் முகத்தோடு தண்ணீரையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, 'தாமிரபரணிக் கரையில் உன் கிங்ஸ்லி' என்று எழுதி பெனிஷாவுக்கு அனுப்பியும் விட்டான்.

"லே, அது வாய்க்கால்," என்றார் ஷரீபா பீவி. "மேக்க அணையில ஆத்தை மறிச்சு வயலுக்குத் தண்ணியத் திருப்பி விட்டிருக்கு. ஆறு ஆலைக்கு அங்கிட்டு, வடக்க. பாறைக்கு நடுவுல பைய ஊந்து போகும். வண்டிய எடு."

கடற்கரைக்காரனுக்குத் தண்ணீர் எங்கே நிறைய இருக்கிறதோ அதுதான் பெரியது. கிங்ஸ்லி ரோஷத்தோடு கியரைப் போட்டான்.

ஆலை மேனேஜர் அலெக்ஸ் சட்டையைக் கசங்காமல் போடுகிற ஆள். துப்பறிய வந்தவர்களைப் பார்த்ததும் அவர் முகம் கசங்கியது. நாலு மணி வரை எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆள் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் தொடாதீர்கள் என்றார். கூடவே போய்க் காட்ட கோமதிசங்கரைக் கூப்பிட்டார்.

கோமதிசங்கர் காலை ஷிப்டின் பொறுப்பாளர். நெற்றி நிறைய விபூதி. அந்த டர்பைன் கொட்டகையில் முப்பத்திநாலு வருஷம். வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். மாலை, பொன்னாடை, இயக்குநரின் பேச்சு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. அவர் நடந்தால் வேலையாட்கள் தானாக வழிவிட்டார்கள்.

கண்டென்சர் கிழக்கு மேற்காகப் படுத்திருந்தது, இரண்டு லாரியை வாலும் தலையுமாகச் சேர்த்து வைத்த நீளம். கிழக்கு முனையின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மூடிய குழாய்களில் பித்தளை பிளக்குகள் மினுங்கின.

இத்தனை ஓட்டையில் எதை அடைத்தோம் என்று எப்படி நினைவு வைப்பீர்கள் என்று ஷரீபா பீவி கேட்டார். கோமதிசங்கர் அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வரிசையை மேலிருந்து எண்ணுவோம், வரிசைக்குள் குழாயைப் பக்கம் சொல்லி எண்ணுவோம் என்றார்.

"ஆனா எடது வலதுன்னு சொல்ல மாட்டோம். இங்கன நின்னா எடது, அந்த முனைக்குப் போனா அதுவே வலது. அதுல ஏமாந்து ஒரு குழாய்க்கு ஒரு வாயும் இன்னொரு குழாய்க்கு இன்னொரு வாயுமா அடைச்சவன் எத்தனையோ பேரு. அதனால இங்க ஆத்துப் பக்கம், வாய்க்கா பக்கம்னுதான் எண்ணுதது. ஆறு எங்கயும் எடம் மாறாதுல்லா."

பதிவேட்டையும் காட்டினார். இருபத்தாறு குழாய்க்கும் இருபத்தாறு வரி, முத்து முத்தான கையெழுத்தில். கடைசி வரி: 'பன்னிரண்டாம் வரிசை, ஆற்றுப் பக்கமிருந்து ஒன்பது. இரு முனையும் நேரில் பார்த்தேன்.' கீழே அவர் கையெழுத்து.

பிறகு வளன் சோதித்துக் காட்டினார். உருளைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும் பம்பை ஓடவிட்டு, குழாய் வாய்களின் மேல் சவர நுரையை வாரி அப்பினார். ஓட்டை உள்ள குழாய் இருந்தால் அது நுரையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். கிங்ஸ்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நுரை அப்பியது அப்பியபடி இருந்தது. மீதி நுரையில் முகச்சவரம் பண்ணிக்கொள்ளலாமா என்று வளனிடம் கேட்டான்; அவரோ அழுகிற நிலையில் இருந்தார்.

மேற்கு முனையைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார் ஷரீபா பீவி. அந்த மூடிக்கு நாற்பத்தெட்டு நட்டு, கழற்ற அரை நாள் ஆகும், முன்பக்கம் சோதித்தாலே போதும் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட பழக்கம் என்று பதில் வந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் ஷரீபா பீவி இடது புருவத்தைத் தூக்குவார். இப்போதும் தூக்கினார்.

மணி பன்னிரண்டரை. கையில் பட்ட நுரையைக் கழுவக் கொட்டகை மூலையில் இருந்த குழாயடிக்குப் போன கிங்ஸ்லி, போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"லாத்தா, இது கசிவு கேஸ் இல்ல. கொலை கேஸ். சோப்பு பூரா ரத்தம்."

ஷரீபா பீவி போய்ப் பார்த்தார். துணி துவைக்கிற கட்டி சோப்பு. அதன் மேல் சிவப்புச் சிவப்பாகத் தீற்றல்கள், தொட்டியின் விளிம்பிலும் கொஞ்சம். குனிந்து முகர்ந்தார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ உன் வீட்டு அடுப்பங்கரைக்குள்ள போனதே இல்லியாலே?"

குசினிக்குள் போவான், ஆனால் சாப்பிட மட்டும்தான் போவான் என்று கிங்ஸ்லி ஒத்துக்கொண்டான். அவர் பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஆலை கேன்டீனை நடத்துவது சாரம்மாள். பெரிய கரண்டியும் அதற்கேற்ற குரலும் உள்ளவர். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. கிங்ஸ்லி ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். சாம்பாரை விரலால் தள்ளிப் பார்த்தான். புளி இருக்கிறது, பெருங்காயம் இருக்கிறது, முருங்கைக்காய்கூட இருக்கிறது. நிறம் மட்டும் கஞ்சித் தண்ணீர்.

துப்பறியும் தொழிலில் வாயை எப்போது திறப்பது என்று ஒரு கணக்கு உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் கிங்ஸ்லி அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எழுந்து போய் சாரம்மாளிடம், யக்கா, சாம்பாருக்கு மஞ்சள் காமாலைக்கு நேர் எதிர் வியாதி வந்திருக்கிறதே என்று கேட்டான்.

சாரம்மாள் கரண்டியை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. அவருக்கே அந்தக் குறை நெஞ்சில் இருந்தது. மஞ்சள்பொடி டப்பா தினமும் காலையில் காலியாகிவிடுகிறதாம். பூட்டி வைத்தாலும் போகிறது. சாவி ஆணியில்தான் தொங்கும், எல்லோரும் நம்முடைய ஆட்கள்தானே. எலி என்று பொறி வைத்தார். எலி மஞ்சள்பொடியை மட்டும் தின்று, மிளகாய்ப்பொடியை விட்டுவைக்குமா என்று சமையலறையில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் எலிக்கு லீவு," என்றார் சாரம்மாள். "அன்னைக்குத்தான் என் சாம்பாரு சாம்பாரா இருக்கும்."

ஷரீபா பீவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் கிங்ஸ்லிக்கு விளக்கம் கிடைத்தது. மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும், மஞ்சள் கையைக் கழுவிய எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். ஆக, டர்பைன் கொட்டகையில் தினமும் யாரோ மஞ்சள் கையைக் கழுவுகிறார்கள். சாம்பார் தின்ற கை என்று சொல்ல முடியாது, சாம்பாரில் மஞ்சளே இல்லை. எலிக்கு ஞாயிறு லீவு. கசிவோ திங்கட்கிழமை வருகிறது.

"அப்ப ஞாயித்துக்கிழமை யாருக்கு லீவுன்னு பாத்தா எலி ஆப்பிடும்," என்றான் கிங்ஸ்லி. தானே சொன்னதில் தானே மயங்கி நின்றான்.

டியூட்டி அட்டவணை மேனேஜர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. காலை ஷிப்டில் ஞாயிறு லீவு ஒரே ஒருவருக்கு. கிங்ஸ்லி அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தான். விபூதி மணக்கிற பெயர்.

கோமதிசங்கரை அவர்கள் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர் உறிஞ்சும் பம்பின் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டார்கள். வளனும் அங்கே நின்றிருந்தார். கூடவே அவர் மச்சான் ஹெப்ரான். பிளக் அடிப்பதில் வளனுக்கு வலது கை. ஹெப்ரான் கப்பல்களில் வேலை பார்த்தவர், ஐம்பது வயது, நின்றால் கதவு தெரியாது.

ஷரீபா பீவி சுற்றி வளைக்கவில்லை. பையிலிருந்து கட்டி சோப்பை எடுத்து நீட்டி, அண்ணாச்சி, ஒரு தடவை கை கழுவிட்டு வாரியளா என்று மட்டும் கேட்டார்.

பெரியவர் சோப்பைப் பார்த்தார். வாங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு டம்ளர் மஞ்சள்பொடி. தினமும் காலை ஆறே காலுக்கு, இந்தத் தொட்டியில் கரைத்து ஊற்றியிருக்கிறார். அவர் தம்பி பாபநாசம் மலை ஏறுகிற லாரிக்காரர். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடியைப் போட்டு ஊருக்கு ஓட்டி வந்துவிடுவாராம். தண்ணீரோடு போகிற பொடி ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் தாங்கும். மறுநாள் மறுபடி ஒரு டம்ளர். ஞாயிறு அவர் வருவதில்லை. ஞாயிறு இரவு பொடி கரையும், திங்கள் காலை கசியும். இன்று ஆறே காலுக்கு ஊற்றியும் பொடி பிடிக்கவில்லை. ஏழு மணிக்குப் பாய்லரை நிறுத்திவிட்டார்கள்.

"பாய்லருக்கு நாட்டு வைத்தியம் பாத்திருக்கிய," என்றான் கிங்ஸ்லி. ஷரீபா பீவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ஏன் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. அவரே சொன்னார். பிளக் அடித்த அன்று இருபத்தைந்து குழாய்க்கும் மேற்கு முனையில் அவரே நின்று, குழாயைத் தொட்டுக் காட்டி, அடிப்பதைப் பார்த்தார். கடைசிக் குழாய்க்கு முன்னால் பசி வந்துவிட்டது. சாரம்மாள் அன்றைக்கு வைத்தது முருங்கைக்காய் சாம்பார். ஏற்கெனவே ஒரு தடவை சாப்பிட்டிருந்தார். மறுபடி சாப்பிடத் தோன்றியது. ஒன்பதாவது, ஆற்றுப் பக்கமிருந்து என்று ஹெப்ரானிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது மூடியைப் போட்டு நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முப்பத்திநாலு வருசத்துல பாக்காம போட்ட கையெழுத்து அது ஒண்ணுதான்," என்றார் கோமதிசங்கர். "மறு வாரமே கசிவு. அந்தக் குழாயா இருக்குமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன். பழி வளன் தம்பி மேல விழுதது இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்ச பெறவும் நான் வாயத் திறக்கல. அது அதவிடப் பெரிய தப்பு."

வளனுக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் மச்சான் எட்டுக் கப்பலில் கண்டென்சர் பார்த்தவன், அவனுக்கு ஒன்பது வரை எண்ணத் தெரியாதா என்று பாய்ந்தார். ஹெப்ரான் ஒரு படி மேலே போய், பனிமய மாதா சாட்சியாக ஆற்றுப் பக்கமிருந்துதான் எண்ணினேன், ஒன்பதாவதைத்தான் அடித்தேன் என்று நெஞ்சில் சிலுவை போட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எரிந்த குடோன்களைப் பார்த்துப் பழகிய ஷரீபா பீவிக்கும் தெரிந்தது. அதுதான் சங்கடம். பொய் சொல்லாத மூன்று பேர், நடுவில் ஒரு ஓட்டை, மணி இரண்டே முக்கால்.

அந்த நேரம் பார்த்து கிங்ஸ்லியின் போன் சிணுங்கியது. பெனிஷா. காலையில் அனுப்பிய படத்துக்குப் பதில். கிங்ஸ்லி பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கப் போனான். ஷரீபா பீவி கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் கொடுத்தான்.

'பின்னாடி இருக்க போர்டைப் படிங்க. வாய்க்காலில் குப்பை கொட்டாதீர்னு போட்டிருக்கு. இதைத் தாமிரபரணின்னு எங்க அப்பாட்டயும் சொல்லிட்டேன். சிரிக்காரு.'

ஷரீபா பீவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹெப்ரானைக் கூட்டிக்கொண்டு கொட்டகையின் மேற்குக் கோடிக்கு நடந்தார். மற்றவர்களும் போனார்கள். அங்கே கண்டென்சரின் பின்முனை. வடக்குப் பக்கம் வெறும் சுவர். தெற்குப் பக்கம் ஒரு ஜன்னல்.

"ஹெப்ரான் தம்பி, நீங்க மணப்பாடா?"

இல்லை, உவரி, அதுவும் கடற்கரைதான் என்றார் ஹெப்ரான். இந்த ஆலைக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தாராம்.

"அன்னைக்கு ஆறு எங்கன இருந்துச்சு? சும்மா கையக் காட்டுங்க."

ஹெப்ரான் யோசிக்கவே இல்லை. ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கரைமுட்டப் பச்சையாய்ப் போய்க்கொண்டிருந்தது.

கோமதிசங்கர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவு தண்ணீர் போவது வாய்க்கால் என்றால் எங்கள் ஊரில் யார் நம்புவார்கள் என்று ஹெப்ரான் முனகினார். கிங்ஸ்லிக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கை எட்டாது என்று விட்டுவிட்டான்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. பின்முனை மூடியில் எட்டு நட்டு போட்ட ஒரு சின்னக் கதவு உண்டு, சேறு அள்ள மட்டும் திறப்பது. ஒல்லியான ஆள் ஒருக்களித்து நுழையலாம். எல்லோரும் கிங்ஸ்லியைப் பார்த்தார்கள். துப்பறிகிறவர்கள் குனியக் கூடாது என்று அவன் ஒரு சட்டம் சொல்லிப் பார்த்தான். அப்படி ஒரு சட்டம் இல்லை என்று ஷரீபா பீவி சொல்லிவிட்டார். டார்ச்சும் நுரை டப்பாவுமாக உள்ளே போனான். பாசி வாடையும் மஞ்சள் வாடையும் கலந்து அடித்தது, மீன் குழம்பு கொதிப்பதற்கு முன்னால் வருகிற வாடை.

பன்னிரண்டாம் வரிசை. வாய்க்கால் பக்கமிருந்து எண்ணினான். ஒன்பதாவதில் பிளக் பளிச்சென்று இருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து எண்ணினான். ஒன்பதாவது குழாய் வாயைத் திறந்தபடி இருந்தது. முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்து, ஆறு வாரமாகத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டிருந்த குழாய். முன்பக்கம் பிளக் இருந்ததால் அந்தப் பக்கம் எத்தனை நுரை அப்பினாலும் அது காட்டிக்கொடுத்திருக்காது. பம்பை ஓடவிடச் சொல்லிவிட்டு அதன் மேல் நுரையை அப்பினான். நுரை நடுவில் குழிந்து, சுருக்கென்று உள்ளே போய்விட்டது.

"ஆப்பிட்டுக்கிட்டு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாய்க்கா பக்கத்துக்காரன் சும்மா தண்டனை அனுபவிக்கான், விட்ருங்க. ஆத்துப் பக்கத்துக்காரன்தான் குத்தவாளி."

வளன் கொடுத்த பிளக்கை அவனே அடித்தான். நாலு அடியில் மூன்று பிளக் மேல் விழுந்தது. ஒன்று அவன் விரல் மேல்.

மூன்றே முக்காலுக்கு அலெக்ஸ் வந்து பார்த்தார். ஓட்டை அகப்பட்டதில் அவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் மேலதிகாரிகளுக்கென்று ஒரு புத்தி இருக்கிறதே. இதைப் புது ஓட்டை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், யாருக்கும் கெட்ட பேர் இல்லை, வளனும் தப்பித்துக்கொள்வார், அண்ணாச்சியின் வெள்ளிக்கிழமையும் நன்றாக நடக்கும் என்றார் ஷரீபா பீவியிடம். ஷரீபா பீவி வளனைப் பார்த்தார். தான் குற்றமில்லாதவன் என்று நிரூபிக்கச் சொல்லி வந்தவர் வளன். இப்போது கையில் இருப்பதோ தன் மச்சானின் தவறு. ஒரு தலையசைப்பு போதும், எல்லாம் மூடிவிடும்.

"எதை எப்படிச் சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க வளன் தம்பி," என்றார் ஷரீபா பீவி. "என் ரிப்போர்ட்ல நான் கண்டதுதான் இருக்கும். அதுல மாத்தமில்ல. ஆனா முதல்ல பேசுதது நீங்களா நானாங்கறது உங்க கையில."

நாலு மணிக்கு ஜெர்லின் அம்மா வந்தார். உட்காரும் முன்பே வளன் எழுந்து, தப்பு எங்களுது, என் ஆள் தப்பான குழாயை அடைத்துவிட்டான், நான் பின்முனையைத் திறந்து பார்க்காமல் ஆறு வாரம் முன்பக்கமே நுரை அப்பிக்கொண்டிருந்தேன் என்றார். அவர் முடிப்பதற்குள் கோமதிசங்கர் எழுந்து, இல்லம்மா, தப்பு என்னுது என்றார். ஹெப்ரான் எழுந்தார், அறை இருட்டானது. மூன்று பேரும் ஒரே தப்புக்கு உரிமை கொண்டாடி ஒருவரை ஒருவர் அமர்த்தினார்கள். இருபது வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், தப்புக்கு இப்படி அடிபிடி நடந்து பார்த்ததில்லை என்றார் ஜெர்லின் அம்மா. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

கோமதிசங்கர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, அதே முத்து எழுத்தில் எழுதினார்: 'பின்முனையை நான் பார்க்கவில்லை. சாப்பிடப் போயிருந்தேன்.' தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை இயக்குநர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஜெர்லின் அம்மா அதை வாசித்தார். வெகுநேரம் வாசித்தார், ஒரே வரிதான் என்றாலும்.

"முப்பத்திநாலு வருசத்துல ஒரு பொய் வரி எழுதாதவர்னு வெள்ளிக்கிழமை பேச எழுதி வச்சிருந்தேன்," என்றார். "அதை மாத்தணும். ஒண்ணு எழுதினாரு, அதையும் அவரே திருத்தினாருன்னு சொல்லணும். பொன்னாடை அப்படியே இருக்கட்டும்."

கோமதிசங்கர் அப்போதுதான் அழுதார். அவர் அழுததைப் பார்த்து வளனும் அழுதார். எந்த ஆலைக்கும் கடிதம் போகாது என்று வளனிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதல் தடவை காதில் ஏறவில்லை. அடுத்த மாதம் முழு கண்டென்சர் வேலையும் வளனுக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் ஜெர்லின் அம்மா. ஹெப்ரான் முதலில் ஆற்றில் போய் ஒரு முங்கு போட்டுவிட்டு வர வேண்டும்.

எல்லோருமாகவே போனார்கள். ஆலைக்கு வடக்கே, உடைமரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அது முடிந்த இடத்தில் பெரிய பெரிய பாறைகள், வெளுத்த மணல், நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீர் வெயிலில் நெளிந்துகொண்டு போனது. ஒரு எருமை அதில் பாதியை மறித்துப் படுத்திருந்தது.

"இதுதானா?" என்றார் ஹெப்ரான். முங்குவதற்கு இடம் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

கிங்ஸ்லி வீங்கிய விரலோடு இன்னொரு படம் எடுத்தான். இந்தத் தடவை பின்னால் போர்டு எதுவும் இல்லை என்று இரண்டு தடவை சரிபார்த்தான். 'இதுதான் அசல் தாமிரபரணி. உங்க அப்பாட்டயும் காட்டு' என்று எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது.

'அது சரி, இந்த ஓடைக்குள்ள இறங்கி என்ன செய்யுதிய?'